'இன்னும் ஒரு கரண்டி' என்னும் வன்முறை

நம் இனத்தின் பெருமைகளைப் பட்டியலிடும் எவரும் விருந்தோம்பலை முதல் வரிசையில் வைப்பர். வந்தாரை முகமலர்ந்து வரவேற்பதும், வயிறார உண்பிப்பதும், 'போதும்' என்று கை மறித்தாலும் அக்கையை விலக்கி இன்னும் ஒரு கரண்டி இடுவதும் தமிழர்தம் பண்பாட்டு அடையாளங்கள் என்று மேடைதோறும் முழங்குகிறோம். முதல் இரண்டையும் நானும் போற்றுகிறேன். மூன்றாவதை மறுப்பதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. மறித்த கையை விலக்கிச் சோறிடுவது அன்பு அன்று. அச்சோற்றை ஏற்கவியலாத வயிறொன்று எதிரே அமர்ந்திருக்குமாயின், அது வன்முறையே ஆகும்.

அத்தகைய வயிறுகள் நம்மிடையே உள்ளன. மிகுந்த உடற்பருமனுக்கு மருத்துவமாக இரைப்பையில் அறுவை செய்துகொண்டோரையே குறிப்பிடுகிறேன். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அரசு மருத்துவமனைகள், தனியார் மருத்துவமனைகள் ஆகிய இருவகை இடங்களிலும் இவ்வறுவை நடைபெறுகிறது. ஆயினும் நம்மவருள் இதனைச் செய்துகொண்டவர் அதனை வெளியே சொல்வது அரிது. குடலிறக்கத்திற்கு அறுவை செய்துகொண்டவர் கூசுவதில்லை. இதயத்திற்குச் செய்துகொண்டவர் மார்பின் வடுவைக் காட்டிக் கதை சொல்கிறார். இவர் மட்டும் குற்றம் புரிந்தவரைப்போல் மறைக்கிறார். திருமண விருந்துகளுக்கு வராமல் ஒதுங்குகிறார். ஏன்? உண்மையைச் சொன்னால் நாம் என்ன சொல்வோம் என்பதை அவர் நன்கறிவார்.

நாம் சொல்வன பெரும்பாலும் இரண்டு பொய்கள்.

முதற் பொய்: 'சோம்பேறியின் குறுக்கு வழி'

"வாயைக் கட்டத் தெரியாதவன் வயிற்றை வெட்டிக்கொண்டான்" என்று ஏளனம் செய்வோர் கற்றவரிடையேயும் உண்டு. இவர்கள் உடலின் இயல்பை அறியாதவர்கள். எடை குறைந்தவுடன் உடல் அக்குறைவை ஒரு பஞ்சமாகக் கருதி எதிர்த்துப் போராடுகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 50 பேரைச் சேர்த்து நடத்தப்பட்டு 2011ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டால் அவர்கள் எடை குறைத்தனர். ஓராண்டு கழித்து ஆராய்ந்தபோதும், பசியைத் தூண்டும் சுரப்பிநீர்கள் பழைய நிலைக்குத் திரும்பாமல் உயர்ந்தே இருந்தன. அவர்தம் உறுதி குன்றவில்லை. உடல் இடைவிடாது பசியை முழங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் நோன்பிருந்து மறுநாள் விருந்துண்பவர், ஆண்டு முழுதும் பசியோடு போராடுபவரை நோக்கி 'மனவுறுதி இல்லை' என்று கூறுவது எவ்வகை அறம்?

இவ்வறுவை அப்பசியின் வேரையே தொடுகிறது. பரவலாகச் செய்யப்படும் ஒருமுறையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கு அகற்றப்பட்டு, எஞ்சிய பகுதி ஒரு குழாய் போலாகிறது. 1999ஆம் ஆண்டில் சப்பானிய அறிவியலார் கண்டறிந்த 'கிரெலின்' என்னும் பசிச் சுரப்பிநீர் மிகுதியாக ஊறும் பகுதியும் அதனுடன் நீங்குகிறது. மற்றொரு முறையில், இரைப்பையின் மேற்பகுதி இரண்டு மேசைக்கரண்டி அளவே கொள்ளும் சிறு பையாகப் பிரிக்கப்பட்டுச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கப்படுகிறது. இதன் முன்வடிவத்தை அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்து அறுவை மருத்துவர் எட்வர்டு மேசன் 1966ஆம் ஆண்டிலேயே செய்தார். அறுபதாண்டு வரலாறுடைய மருத்துவத்தை நேற்று வந்த நாகரிகம் என்பார் அவ்வரலாற்றை அறியார்.

பயன் உண்டா எனில், உண்டு. சுவீடன் நாட்டில் 1987ஆம் ஆண்டு தொடங்கிய பேராய்வில் அறுவை செய்துகொண்ட 2,010 பேரும், வழக்கமான மருத்துவம் பெற்ற 2,037 பேரும் பல்லாண்டுகள் பின்தொடரப்பட்டனர். 2007ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, அறுவை செய்துகொண்டோரிடையே இறப்பு குறைவாக இருந்தது. ஆயுளை நீட்டும் ஒன்றைக் குறுக்கு வழி என்று எங்ஙனம் ஏசுவது?

அனைவரும் இதனைச் செய்துகொள்ள வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அனைத்துலக மருத்துவ அமைப்புகள் 2022ஆம் ஆண்டில் வகுத்த நெறி இதற்கு எல்லை காட்டுகிறது. உடல்நிறைக் குறியீட்டெண் 35 அல்லது அதற்கு மேல் இருப்பின் இவ்வறுவை பரிந்துரைக்கப்படுகிறது, ஆசியர்க்கு 27.5 முதலே இது கருதப்படலாம். யார்க்குப் பொருந்தும், யார்க்குப் பொருந்தாது என்பதை மருத்துவரும் நோயாளியும் கூடி முடிவு செய்வர். பந்தியில் அமர்ந்திருக்கும் நாம் தீர்ப்புரைக்க வேண்டுவதில்லை.

இரண்டாம் பொய்: 'கத்தி பட்டது, கவலை விட்டது'

ஏளனம் செய்வோர் ஒருபுறம். மறுபுறம், அறுவையோடு அனைத்தும் முடிந்துவிடும் என்று நம்புவோரும் நம்பவைப்போரும் உளர். 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு படங்களை அருகருகே அச்சிட்டு விளம்பரம் செய்கிறார்கள். அவ்விரு படங்களுக்கு இடையேயும், இரண்டாம் படத்திற்குப் பின்னும் ஒரு வாழ்க்கை உண்டு என்பதை எவரும் அச்சிடுவதில்லை. மேலே கூறிய சுவீடன் ஆய்விலேயே, ஓரிரண்டு ஆண்டுகளில் மிகக் குறைந்த எடை பின்னர்ச் சற்றே ஏறிப் பிறகுதான் நிலைபெற்றது. கத்தி வாய்ப்பைத் தருகிறது. அதனைக் காப்பது நாள்தோறும் உண்ணும் முறை.

அம்முறைதான் யாது? வளர்ந்த ஒருவர் குழந்தையைப்போல் உண்ணக் கற்பதே அது. முதலில் தெளிந்த நீர்மங்களை மிடறு மிடறாக அருந்த வேண்டும். பிறகு மோர், பால், பருப்புநீர் போன்றவை வரும். பிறகு கூழாக மசித்த உணவு; அதன்பின் மென்மையான உணவு. வழக்கமான உணவை அடைய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம். அதன் பின்னரும் ஒவ்வொரு கவளத்தையும் இருபது முப்பது முறை மெல்ல வேண்டும். உணவோடு நீர் அருந்தலாகாது. உண்டபின் அரைமணி நேரம் காத்திருந்தே அருந்த வேண்டும். வயிறு நிறைந்தது என்னும் முதற்குறி தோன்றியவுடன், கையிலெடுத்த கவளமேயாயினும் கீழே வைத்துவிட வேண்டும். ஒரு கவளம் மிகுந்தால் நெஞ்சு அடைக்கும், வலிக்கும், வாந்தியும் வரும்.

நம் வாழையிலையின் அமைப்பே இங்குத் தலைகீழாகிறது. நாம் சோற்றைக் குன்றாகக் குவித்து, ஏனையவற்றை ஓரத்தில் வைக்கிறோம். இவரோ நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் பெற்றாக வேண்டும். இல்லையேல் கொழுப்போடு தசையும் கரையும். ஒரு கிண்ணச் சோற்றில் உள்ள புரதம் ஏறத்தாழ 4 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம். உள்ளங்கையளவு வயிற்றைச் சோற்றால் நிரப்பிவிட்டால் புரதத்திற்கு இடம் ஏது? ஆதலின் மீன், முட்டை, கோழி, பருப்பு, தயிர், தெம்பே ஆகியவற்றை முதலில் உண்டு, பிறகு காய்கறி உண்டு, இடமிருந்தால் மட்டும் சோற்றைத் தொடுகிறார். அதைக் கண்ட உறவினர், "சோற்றைத் தொடாமல் கறியைத் தின்கிறாளே!" என்று முகஞ்சுளிக்கின்றனர். கணக்குத் தெரிந்து உண்பவரைக் கணக்குத் தெரியாதார் பழிக்கும் காட்சி இது.

அடுத்து, பாயசத்தின் கதை. "ஒரு வாய் இனிப்பு என்ன செய்துவிடும்?" என்று கேட்கிறோம். இரைப்பை ஒரு தேக்கம். உணவைச் சிறிது சிறிதாகக் குடலுக்கு விடுவது அதன் பணி. அறுவைக்குப் பின், குறிப்பாகச் சிறுபை அமைக்கும் முறையில், அந்த மதகு இல்லை. செறிந்த சர்க்கரை விரைந்து சிறுகுடலில் இறங்க, அதனை நீர்க்கச் செய்ய உடலின் நீர் குடலுக்குள் பாய்கிறது. அரைமணி நேரத்திற்குள் நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, வயிறு முறுக்குகிறது, தலை சுற்றுகிறது. சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இன்சுலின் மிகையாய்ச் சுரந்து, இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வருவதும் உண்டு. நாம் வற்புறுத்திப் புகட்டிய ஒரு கரண்டிப் பாயசத்தின் விளைவு இது. படுத்துக் கிடப்பவர் அவர். "அன்போடு கொடுத்தேன்" என்று பெருமை பேசுபவர் நாம்!

ஒரு வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. நூறாண்டுகளுக்கு முன் மலாயாவைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. தீட்டிய பச்சரிசி உண்டவர்கள் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் அந்நோயிலிருந்து பெரிதும் தப்பினர். இவ்வேறுபாட்டை இங்குப் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் எடுத்துக்காட்டினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்னும் மருத்துவர் இருவகை அரிசியையும் இருசாரார்க்குக் கொடுத்துக் கண்ட முடிவு 1907ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது அவ்வேறுபாட்டை உறுதி செய்தது. நம் முன்னோரைக் காத்தது புழுக்கும்போது அரிசிக்குள் தங்கிவிடும் உயிர்ச்சத்து பி1 என்பது பின்னர்த் தெரிந்தது. அதே உயிர்ச்சத்துதான் இவ்வறுவைக்குப் பின் தொடர்ந்து வாந்தி எடுப்பவரிடம் சில வாரங்களிலேயே வற்றிப்போகிறது. வற்றினால் நரம்பும் மூளையும் தாக்கப்படும். ஆதலின் விடாத வாந்திக்கு ஓமநீர் கொடுத்துக் காத்திருத்தல் ஆகாது. மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். பி12, இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, உயிர்ச்சத்து டி ஆகியவற்றையும் மருத்துவர் குறித்தபடி வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டும்; ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். "உடம்புதான் இளைத்துவிட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை?" என்று கேட்கும் வீட்டார், தெரியாமலேயே கேடு செய்கின்றனர்.

அறுவை செய்துகொண்டார்க்கும் இங்கு ஒரு சொல் உண்டு. உறவினர் வற்புறுத்தினர் என்பது ஒரு வேளைக்குப் பொருந்தும். ஆண்டு முழுதும் பொருந்தாது. மெல்ல வேண்டிய திண்ணுணவை விட்டு, எளிதில் வழுக்கிச் செல்லும் பனிக்கூழையும் இனிப்பு நீரையும் நாள் முழுதும் உறிஞ்சிக்கொண்டிருப்பின், எந்த அறுவையும் காவாது. மருத்துவரிடம் மீண்டும் செல்லாமல் இருப்பதும் நம்மவரிடம் உள்ள குறை. உரிமையைக் கேட்போர் கடமையையும் ஏற்பதே முறை.

பண்பாடு என்னும் கேடயம்

"விருந்தோம்பல் நம் மரபு, அதனை மருத்துவத்திற்காகக் கைவிடலாமா?" என்று கேட்போர் உளர். அவர்களுக்கு நம் மறையே விடை கூறும். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். மருந்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். மருந்து என்று பெயரிட்ட அவ்வதிகாரத்தில் ஒரு மூலிகையின் பெயரும் இல்லை. முன்னுண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணும் நெறியே அதில் பெரும்பகுதி. அந்நெறியைக் காட்டிப் பருத்தவரைப் பழிக்கத் துணிவோர், அவ்வதிகாரத்தை முடிவுவரை படிக்க வேண்டும். நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து செயற்படச் சொல்கிறார் அவர். இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு, உடனிருந்து துணைசெய்பவரையும் நான்காவதாக நிறுத்துகிறார். அந்த நான்காமவர் யார்? நாம்தான். மனைவியும் கணவனும் மாமியாரும் நண்பரும் உடன்பணியாற்றும் ஆசிரியரும்தான். மூன்று கூறும் செம்மையாக அமைந்தும் நான்காம் கூறு பகையானால், மருத்துவம் எங்ஙனம் நிறைவுறும்?

மரபு என்று நாம் எண்ணுவதில் காலத்தின் கோலமும் கலந்துள்ளது. வெயிலில் பால்மரம் சீவிய பாட்டனார்க்குக் குவித்த சோறு தேவைப்பட்டது; உழைப்பு அதனை எரித்தது. நாற்காலியில் நாளைக் கழிக்கும் பேரனுக்கும் அதே குவியல்! போதாமைக்குக் காலையில் நாசி லெமாக்கும், பத்து மணிக்கு ரொட்டி சானாயும், மாலையில் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும் சேர்கின்றன. மலேசியத் தேசிய உடல்நல ஆய்வின்படி மிகை எடையோ உடற்பருமனோ உடைய வளர்ந்தோர் 2019ஆம் ஆண்டில் 50.1 விழுக்காட்டினர், 2023ஆம் ஆண்டில் 54.4 விழுக்காட்டினர். 2019ஆம் ஆண்டின் ஆய்வை இனவாரியாக நோக்கின், உடற்பருமனும் நீரிழிவும் இந்தியரிடையேதான் மிகுதி. பசித்தவனுக்குச் சோறிட்ட மரபு, பசியாதவனுக்கும் திணிக்கும் பழக்கமாக மாறியதை இவ்வெண்கள் உரைக்கின்றன.

உணவோடு நில்லாது நம் நாவும் வரம்பு மீறுகிறது. அறுவைக்குப்பின் மூன்றாம் மாதமளவில் பலருக்கு முடி உதிரும். பெரும்பாலும் அது மீண்டும் வளரும். "என்ன நோய் பிடித்தது?" என்று பந்தியில் கேட்கிறோம். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது; ஆயினும் முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கருத்தரிப்பைத் தள்ளிவைக்குமாறு மருத்துவர் அறிவுறுத்துகின்றனர். நாமோ, "இளைத்தாயிற்று, இனிக் குழந்தைதானே?" என்று நச்சரிக்கிறோம். மது இவர்தம் இரத்தத்தில் விரைந்து ஏறும். அதற்கு அடிமையாகும் இடரும் கூடும். நாமோ, "சாப்பாடுதான் இல்லை, இதையாவது குடி" என்று கோப்பையை நீட்டுகிறோம். இவற்றில் எது விருந்தோம்பல்?

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

இதனைத் தமிழாசிரியர் படிக்கும் நூலில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். உடற்பருமனைப் பற்றிய இழிவு முதன்முதலில் விதைக்கப்படும் இடம் வகுப்பறை என்பதே என் விடை. சிங்கப்பூரில் 1992ஆம் ஆண்டு பள்ளிகளில் தொடங்கப்பட்ட 'டிரிம் அண்டு ஃபிட்' என்னும் திட்டத்தை நினைவுகூர்க. எடை மிகுந்த மாணவரைத் தனியே பிரித்துப் பயிற்சியளித்தனர். மிகை எடை மாணவர் விகிதம் குறைந்தது உண்மை. ஆனால் அத்திட்டத்தின் பெயர்ச்சுருக்கமாகிய 'டாஃப்' என்னும் சொல்லின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பி வைத்தால் 'ஃபேட்', அதாவது 'குண்டு' என்று வரும். பிள்ளைகள் அதனைக் கண்டுபிடித்துக் கேலி செய்ய நெடுநாள் ஆகவில்லை. 2007ஆம் ஆண்டில் அத்திட்டம் கைவிடப்பட்டது. நலம் நாடித் தொடங்கியதேயாயினும், பிரித்து நிறுத்துவது புண்படுத்தும் என்பதற்கு அது சான்று. அரசே பாடம் கற்றுக்கொண்டது; 'குண்டன்', 'பூசணிக்காய்' என்று வகுப்பில் பெயர் வைத்தழைக்கும் நம்மில் சிலர் எப்போது கற்பது? நம் நாடகங்களிலும் சிறுகதைகளிலும் பருத்தவர் வந்தாலே அவர் உணவுக்கு அலைபவர், சிரிப்புக்கு உரியவர் என்று படைக்கும் எழுத்தாளர் எப்போது திருந்துவது?

மொழியின் பொறுப்பும் ஒன்றுண்டு. 'பத்தியம்' என்னும் அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. மருந்துக்குத் துணையாகும் உணவொழுக்கத்தை ஒரே சொல்லில் உணர்த்துவது அது. ஆனால் நம் வழக்கில் பத்தியத்திற்கு ஒரு முடிவு நாள் உண்டு. அந்நாளில் விருந்துண்டு பத்தியத்தை முறிப்போம். இவ்வறுவைக்குரிய பத்தியத்திற்கோ முறிக்கும் நாள் இல்லை. 'வாழ்நாட்பத்தியம்' என்று இதனை அழைத்தால் வீட்டிலுள்ள மூதாட்டிக்கும் ஒரே நொடியில் விளங்கும். தாய்மொழி மட்டுமே அறிந்த மூத்தோரிடம் பிறமொழி உணவு அட்டவணையைக் கொடுத்தால் அவர் எதனைக் கடைப்பிடிப்பார்? கஞ்சி, இரசம், பருப்புநீர், மோர் என நம் அடுக்களைப் பெயர்களிலேயே படிப்படியான உணவு முறையை எழுதி, மருத்துவரிடமும் உணவியல் வல்லுநரிடமும் காட்டித் திருத்தி வெளியிடுவது தமிழாசிரியர் சங்கங்களால் ஆகாத செயலா? நூறு பட்டிமன்றங்களுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கு போதுமே!

மாணவர்களே, உங்களிடம் ஒன்று வேண்டுகிறேன். பந்தியில் பரிமாறும் பணி பெரும்பாலும் உங்கள் கையில் வருகிறது. கரண்டியை நீட்டுமுன் கேளுங்கள். 'போதும்' என்றால் அடுத்த இலைக்கு நகருங்கள். ஒருமுறை கேட்பது உபசாரம்; மும்முறை வற்புறுத்துவது அடக்குமுறை. சிறிய தட்டு கேட்பவர்க்குச் சிறிய தட்டு கொடுங்கள், காரணம் கேட்காதீர்கள். இலையில் மிச்சம் வைப்பவரைப் பழிக்காதீர்கள்; மிச்சம் வராதபடி குறைவாக இடக் கற்றுக்கொள்ளுங்கள்.

விருந்தினரின் தேவையறிந்து இடுவதே விருந்து. தன் பெருமைக்காக இடுவது விளம்பரம். ஐந்து கவளத்தில் நிறைவுறும் ஒருவர், நம் பந்தியில் அச்சமின்றி அமர்ந்து, அந்த ஐந்து கவளத்தையும் மெல்ல மென்று உண்டு, எவருடைய கேள்விக்கும் விடை சொல்லாமல் மகிழ்வோடு எழுந்து செல்லும் நாள் வரட்டும். அதுவரை விருந்தோம்பலைப் பற்றி மேடைகளில் நாம் முழங்குவதைச் சற்றே நிறுத்திவைப்போம்.